எகோ (ago), பிஃபோர், சின்ஸ்: இங்கிலீஷில் பழைய கதை சொல்லும்போது எதை எங்கே போடுவது?

குன்னூர்_வண்டிக்காரன்:
குன்னூரில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் ஏறினால் வழி முழுக்க இங்கிலீஷ்தான், அதுவும் ரயில் எப்போது வந்தது, ஊட்டி ஏரியை யார் வெட்டியது என்று பழைய கதையாகவே கேட்பார்கள். பேச்சு எனக்கு ஓடிவிடும். ஆனால் பத்தாவது படிக்கும் அக்கா மகன், "மாமா, 'ட்ரெயின் கேம் பிஃபோர் ஹண்ட்ரட் இயர்ஸ்'னு சொல்லாதீங்க, எகோதான் வரும்" என்கிறான். நூறு வருஷத்துக்கு முன்னால் என்றால் பிஃபோர்தானே? அப்புறம் ஸ்டாண்டில் இன்னொரு டிரைவர் எல்லாவற்றுக்கும் ஹேஸ் சேர்த்து "தி ட்ரெயின் ஹேஸ் ஸ்டார்ட்டட் இன் 1899" என்பார், கேட்க ஸ்டைலாக இருக்கும். அது சரியா? இலக்கணப் பெயரெல்லாம் சொல்லிப் பயமுறுத்தாமல் யாராவது சொல்லுங்கள்.

கோத்தகிரி_டீச்சர்:
பையன் சொல்வதுதான் சரி தம்பி. நாம் எல்லாவற்றுக்கும் "முன்னால்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம், இங்கிலீஷில் அது இரண்டாகப் பிரிகிறது. இப்போது நாம் பேசிக்கொண்டிருக்கிற இந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் எகோ, அதுவும் எண்ணிக்கைக்குப் பின்னால்தான் வரும்: "மோர் தேன் எ ஹண்ட்ரட் இயர்ஸ் எகோ". பிஃபோர் என்றால் எதற்கு முன்னால் என்று சொல்லியாக வேண்டும், "பிஃபோர் இண்டிபெண்டன்ஸ்", "பிஃபோர் தி ரெயில்வே" என்கிற மாதிரி.

எண்ணிக்கையோடு பிஃபோர் வரவே வராது என்றும் நினைத்துவிடாதீர்கள். ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் வந்தது, ஊட்டிக்கு 1908இல்தான் போனது. ஊட்டியில் நின்று கதை சொல்கிறீர்கள் என்றால், "தி ட்ரெயின் ரீச்ட் ஊட்டி இன் 1908. நைன் இயர்ஸ் பிஃபோர் தட், இட் ஹேட் ரீச்ட் குன்னூர்." இங்கே எண்ணுவது இன்றையிலிருந்து இல்லை, 1908இலிருந்து. அதனால் எகோ போட முடியாது.

ஹேஸ் விஷயம். வருஷம், எகோ, யெஸ்டர்டே, லாஸ்ட் வீக் என்று முடிந்துபோன ஒரு நேரத்தைக் குறித்துச் சொல்லிவிட்டால் ஹேஸ், ஹேவ் கிட்டேயே வராது. "தி ட்ரெயின் ஸ்டார்ட்டட் இன் 1899", அவ்வளவுதான். அன்று ஆரம்பித்தது இன்றும் தொடர்கிறது என்றால் ஹேஸ் வரும். மலை ரயிலுக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது 2005இல். கிடைத்ததைச் சொன்னால் "இட் பிகேம் எ வேர்ல்ட் ஹெரிடேஜ் சைட் இன் 2005". இன்னும் அந்தப் பெயரோடு இருப்பதைச் சொன்னால் "இட் ஹேஸ் பீன் எ வேர்ல்ட் ஹெரிடேஜ் சைட் சின்ஸ் 2005". சின்ஸ் பக்கத்தில் ஆரம்பித்த நேரம், ஃபார் பக்கத்தில் எவ்வளவு காலம். "சின்ஸ் டென் இயர்ஸ்" என்று உங்கள் ஸ்டாண்டில் நிச்சயம் யாராவது சொல்வார்கள், அது "ஃபார் டென் இயர்ஸ்".

கொடை_ரிசப்ஷன்:
டீச்சர் சொன்னதோடு ஒன்று. கொடைக்கானலில் ஓட்டல் ரிசப்ஷனில் தினமும் காதில் விழுவது "யெஸ்டர்டே நைட்", "டுடே மார்னிங்". நேற்று ராத்திரி, இன்றைக்குக் காலையில் என்பதை அப்படியே போட்டுவிடுகிறோம். அவர்கள் சொல்வது "லாஸ்ட் நைட்", "திஸ் மார்னிங்". வேடிக்கை என்னவென்றால் யெஸ்டர்டே மார்னிங், யெஸ்டர்டே ஈவ்னிங் இரண்டும் சரி, ராத்திரிக்கு மட்டும்தான் இந்த வம்பு. லாஸ்ட் வீக், லாஸ்ட் சண்டே முன்னால் இன், ஆன் எதுவும் வேண்டாம்.

குறிஞ்சி எப்போது பூத்தது என்று கேட்காத கெஸ்ட்டே இல்லை. "இட் லாஸ்ட் ப்ளூம்ட் இன் 2018, அண்ட் ட்வெல்வ் இயர்ஸ் பிஃபோர் தட், இன் 2006." இங்கே லாஸ்ட் என்றால் கடைசியாக. "இட் ப்ளூம்ட் லாஸ்ட் இயர்" என்று வாய் தவறிச் சொன்னால் போன வருஷம் பூத்ததாகிவிடும், வந்தவர் ஒரு வருஷத்தில் கோட்டை விட்டுவிட்டோமே என்று புலம்புவார்.

சும்மா_ஒரு_கருத்து:
எதற்கு இவ்வளவு? யெஸ்டர்டே நைட் என்று இந்தியா முழுக்கச் சொல்கிறார்கள், கேட்பவருக்குப் புரிகிறது. வண்டி ஓட்டுபவருக்குப் பரீட்சையா வைக்கப் போகிறார்கள்?

கோத்தகிரி_டீச்சர்:
யெஸ்டர்டே நைட்டுக்கு நானும் சண்டை போட மாட்டேன். ஆனால் எல்லாமே அப்படி இல்லை. வெலிங்டனில் ராணுவக் குடியிருப்பில் வளர்ந்த ஒருவர் வண்டியில் ஏறி "ஐ லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்றால் அவர் ஊரை விட்டுப் போய்விட்டார். "ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்றால் இன்னும் இங்கேதான் இருக்கிறார். ஒரு ஹேவ்தான் வித்தியாசம். அதைப் பிடிக்காமல் விட்டால் உள்ளூர்க்காரருக்கே சிம்ஸ் பார்க்கைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருப்போம்.

குன்னூர்_வண்டிக்காரன்:
ரொம்ப நன்றி டீச்சர், கொடை நண்பருக்கும். மருமகனிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லப் போவதில்லை, தலைகால் புரியாது அவனுக்கு. ஏரி கதையை இப்படிச் சொல்லலாமா? "சல்லிவன் மேட் தி லேக் இன் தி 1820ஸ். வென் தி ட்ரெயின் ரீச்ட் ஊட்டி, தி லேக் ஹேஸ் பீன் தேர் ஃபார் மோர் தேன் எய்ட்டி இயர்ஸ்."

கோத்தகிரி_டீச்சர்:
ஹேஸ் பீன் இல்லை, ஹேட் பீன். அந்த எண்பது வருஷக் கணக்கு 1908லேயே முடிந்துவிட்டது. மற்றதெல்லாம் சரி, ஃபாரும் சரியான இடத்தில் இருக்கிறது.