அகல்விளக்கின் கருத்து பிடிக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை

காட்பாடி வாசகன்:
மு.வ. என்கிற மு. வரதராசனின் அகல்விளக்கு நாவலை மறுபடியும் பாதியில் மூடிவிட்டேன். கருத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அழகும் அறிவும் நிறைந்த சந்திரன் தன்னைக் கட்டுப்படுத்தத் தெரியாமல் மின்னல்போல அடித்து மறைகிறான், சுமாராகப் படிக்கும் வேலய்யன் அகல்விளக்காக நின்று எரிகிறான். மதிப்பெண்ணை வைத்தே பிள்ளைகளை எடைபோடும் நம் ஊர்களில் இதைவிடத் தேவையான கதை உண்டா? ஆனால் உட்கார்ந்து படித்தால் பக்கம் நகரமாட்டேன் என்கிறது. யார் வாயைத் திறந்தாலும் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு, அதுவும் எல்லோருக்கும் ஒரே நடை. வாலாஜாப்பேட்டையில் நடக்கும் கதையில் நம் பக்கத்துப் பேச்சு காதில் விழவே இல்லை. 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் வேறு. ரசிக்காமலே ஒரு நாவலை உயர்ந்தது என்று சொல்லலாமா?

வாலாஜாக்காரன்:
தாராளமாகச் சொல்லலாம் தம்பி. மு.வ. இந்த மண்ணிலேயே வளர்ந்தவர், நம் பேச்சு தெரியாமல் எழுதவில்லை. தமிழ்ப் பேராசிரியர் அவர், நல்ல தமிழில் இளைஞர்களோடு பேசவேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியம். 'தம்பிக்கு', 'தங்கைக்கு' என்று கடித நூல்கள் எழுதினாரே, அவற்றைப் படித்துவிட்டு நாவலுக்கு வாருங்கள். அந்தக் குரல் பழகிவிட்டால் நீளமான பேச்சுகள் அவ்வளவு உறுத்தாது. ஒரே மூச்சில் வேண்டாம், நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும்.

கரிகிரி வாசகி:
எனக்கு நடை பிரச்சினையே இல்லை, கருத்தில்தான் ஓர் இடம் முள்ளாகக் குத்துகிறது. சந்திரன் கடைசியில் தொழுநோய் வந்து சாகிறான். நாவல் வெளிவந்தது 1958இல். வேலூர் பக்கத்தில் எங்கள் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை 1955லேயே வந்துவிட்டது, அதற்கும் முன்பே வேலூர் சி.எம்.சி. (கிறித்துவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் நோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைசிகிச்சை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். கிருமியால் வரும் நோய் அது, மருந்தும் இருந்தது. வழிதவறியவனுக்கு அந்த நோய் என்று கதை முடியும்போது, படிப்பவர் மனதில் நோயும் தண்டனையும் ஒன்றாகிவிடுகின்றன. நோய் குணமான பிறகும் வீட்டில் சேர்க்கப்படாதவர்களை இங்கே பார்த்து வளர்ந்தவள் நான், என்னால் அதைச் சும்மா தாண்டிப்போக முடியவில்லை. வேலய்யனை மதிக்கிறேன், சந்திரனுக்கு எழுதிய முடிவை ஏற்கமாட்டேன்.

காட்பாடி வாசகன்:
அக்கா, முடிவு எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும், இப்படி யோசித்ததே இல்லை. இந்த வாரம் கடைசி அத்தியாயங்களை முதலில் படித்துவிடுகிறேன். வேலய்யன் அந்த நிலையில் சந்திரனிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்த்தாகவேண்டும். அண்ணா, 'தம்பிக்கு' வேலூரில் எந்தக் கடையில் கிடைக்கும்?