கலைச்சொல்: ‘எட் ஆல்.’ – ‘முதலானோர்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பலர் சேர்ந்து எழுதிய ஆய்வைக் குறிப்பிடும்போது முதல் ஆசிரியரின் பெயரை மட்டும் சொல்லி, ‘பிறரும்’ என்னும் பொருளில் போடும் லத்தீன் சுருக்கம் ‘எட் ஆல்.’ (et al.). சென்ற வாரம் ஓர் அறிவியல் கட்டுரையின் மெய்ப்பு என்னிடம் வந்தது. மரபுப் பண்புகளைக் கடத்துவது டி.என்.ஏ. என்பதற்கு வலுவான சான்று தந்த 1944ஆம் ஆண்டு ஆய்வைக் குறிப்பிடும் வரியில் ‘ஏவரி எட். ஆல்.’ என்று இருந்தது. தமிழ் மட்டும் அறிந்தவர் அதை ஒரே ஆளின் முழுப்பெயராகத்தான் படிப்பார். உடன் உழைத்த மக்லவுடும் மெக்கார்ட்டியும் அந்த வரியிலிருந்து மறைந்தே போனார்கள். எனக்கு மனம் ஆறவில்லை.

ஆங்கிலத்திலும் அப்படி எழுதுவது பிழை. ‘எட்’ என்பது நம் ‘உம்’ போன்ற முழுச் சொல்; அதற்குப் புள்ளி கிடையாது. சுருங்கியது ‘ஆல்’ மட்டும். லத்தீனில் ‘பிறர்’ என்பதற்கு ஆண்பால், பெண்பால், இரண்டுமற்ற பால் என்று தனித்தனி ஈறுகள் உண்டு. சுருக்கியதும் அந்த வேறுபாடு புள்ளிக்குள் ஒளிந்துகொள்கிறது.

தமிழில் ஒளிக்க வேண்டிய தேவையே இல்லை. பொருள்களுக்கு ‘முதலியன’, மனிதர்களுக்கு ‘முதலியோர்’ என்று திணை பிரித்துச் சொல்லும் வழக்கம் நம்மிடம் முன்பே இருக்கிறது. ‘கபிலர் முதலிய புலவர்கள்’ என்றால் கபிலரும் அதில் அடக்கம், அவரே தலை. முதல் ஆசிரியரைச் சொல்லி மற்றவர்களை அடக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது?

‘எட் ஆல்.’ என்பதற்கு ‘மற்றும் பலர்’ என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. அது நாடக நோட்டீசின் கடைசி வரி. ஏவரியின் கட்டுரையில் மீதி இருந்தவர்கள் இருவர். அவர்களைப் ‘பலர்’ என்று ஒதுக்குவது நியாயமல்ல. ‘பிறர்’ சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் வரிக்குள் அந்நியரைப் போல நிற்கிறது.

‘முதலியோர்’ என்பதில் ஒரே ஓர் இடர். ‘யோ’ பிசகி ‘யா’ ஆகிவிட்டால் ‘ஏவரி முதலியார்’ அச்சாகிவிடும். மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணுக்கும் தப்பும். அதனால் ‘முதலானோர்’ என்கிறேன். ‘ஏவரி முதலானோர் (1944) காட்டினர்’, ‘ஏவரி முதலானோரின் முடிவு’ என்று வேற்றுமை உருபும் இயல்பாக ஒட்டும். வினை பன்மையில் வர வேண்டும் என்பதையும் சொல்லே நினைவூட்டும்.

இதற்குச் சுருக்கம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எண்ணிப் பாருங்கள், ஐந்தே எழுத்து. பிரிட்டன் அரசின் இணையதளம்கூட 2016இல் ‘எடுத்துக்காட்டாக’, ‘அதாவது’ என்னும் பொருளில் வரும் லத்தீன் சுருக்கங்களைக் கைவிட முடிவு செய்தது. பார்வையற்றோருக்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் மென்பொருள்கள் சிலவற்றைத் தவறாக உச்சரித்தது அதற்கு ஒரு காரணம். ‘முத.’ என்று நாம் எழுதினால் அதே தொல்லைதான்.

இரண்டே ஆசிரியர்கள் என்றால் இந்தச் சொல் வேண்டாம். ‘வாட்சனும் கிரிக்கும் (1953)’ போதும். ‘மற்றும் முதலானோர்’ என்றும் எழுத வேண்டாம். ‘முதலியன’ என்னும் பொருள்படும் ‘எட் செட்டெரா’வுக்கு (etc.) முன்னால் இன்னொரு ‘அண்ட்’ போடும் அதே பிழை அது.

அடுத்து, மூலத்தில் உள்ள பிழையை அப்படியே தரும்போது போடும் லத்தீன் சொல்லான ‘சிக்’ (sic). அது சுருக்கமே அல்ல, முழுச் சொல், புள்ளி கூடாது. ‘உள்ளவாறு’ என்பது என் எண்ணம். வேறு சொல் வைத்திருப்பவர்கள் ஒரு வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அன்புடன்.