கேட்ச்வெயிட் நியாயமா? ஒரு சந்தேகம், கூடவே என் தம்பி விஷயம்

மேலப்பாளையத்தான் கேட்டது:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ரெண்டு கேள்வி, ஒன்றோடு ஒன்று ஒட்டினது.

பக்கியாவோ – கோட்டோ பழைய குத்துச்சண்டையை நேற்று திரும்பப் போட்டுப் பார்த்தோம். கோட்டோதான் சாம்பியன். அவன் மோதுகிற வெல்டர்வெயிட் என்ற எடைப் பிரிவின் எல்லை 147 பவுண்டு. ஆனால் ரெண்டு தரப்பும் தனியாகப் பேசி ஒப்பந்தம் போட்டது 145-க்கு; இப்படிப் பேசி வைக்கிற எடையைத்தான் கேட்ச்வெயிட் என்கிறார்கள். சாம்பியனை அவன் பிரிவின் எல்லைக்குக் கீழே இறக்கிவிட்டு, பட்டத்துக்கான பெல்ட்டையும் பணயம் வைக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? என் கூட்டாளி, “ரெண்டு பவுண்டுதானவே, ஒரு கிலோகூட இல்ல, ஒரு செம்புத் தண்ணி” என்கிறான்.

அடுத்தது வீட்டு விஷயம். என் தம்பிக்குப் பதினேழு வயசு, பாளையில் குத்துச்சண்டை பழகுகிறான். மூன்று கிலோ குறைத்துக் கீழ்ப் பிரிவில் இறங்கினால் மாவட்டப் போட்டியில் பதக்கம் நிச்சயம் என்று கூடப் பழகுகிற பையன்கள் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டான். இந்த வெயிலில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிறான். அம்மா தினமும் அழுகிறாள். என்ன சொல்லித் தடுப்பது?

ஓட்டப்பிடாரத்துக்காரன்:

எங்க பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சின்ன மாடு, அதைவிடச் சின்னதான பூஞ்சிட்டு என்று பிரித்துத்தான் விடுவார்கள். பூஞ்சிட்டு வண்டி பக்கத்தில் பெரிய மாட்டைக் கொண்டுவந்து நிறுத்தி, “ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கிட்டோம்” என்றால் கமிட்டி விட்டுருமா? பிரிவு என்று ஒன்று வைத்த பிறகு தனியாகப் பேரம் எதற்கு? கேட்ச்வெயிட்டையே தடை பண்ணணும்.

பாளை பழைய பாக்ஸர்:

தம்பி, நான் சர்வீஸில் இருந்தபோது ரிங்கில் நின்றவன். இப்போது காலையில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கோங்க.

முழுசாகத் தடை என்பதை நான் ஏற்க மாட்டேன். 2010-ல் பக்கியாவோ மார்கரிட்டோவோடு மோதினார். பிரிவின் எல்லை 154, ஒப்பந்தம் 150. மார்கரிட்டோ சரியாக 150-ல் வந்தார், பக்கியாவோ 144.6-தான். மறுநாள் ராத்திரி ரிங்கில் ஏறும்போது மார்கரிட்டோ 165, பக்கியாவோ 148. பதினேழு பவுண்டு, கிட்டத்தட்ட எட்டு கிலோ வித்தியாசம்! 150 என்று கட்டிப்போட்டும் இந்த நிலைமை. (ஜெயித்தது பக்கியாவோதான், அது அவர் கால்வேகம்.) சின்ன ஆள் மேலே ஏறி வரும்போது நடுவில் ஓர் எடையில் சந்திப்பதில் தப்பே இல்லை.

தப்பு பெல்ட்டைப் பணயம் வைப்பதில்தான். மார்கரிட்டோ சண்டையிலும் காலியாக இருந்த ஒரு பெல்ட்டை வைத்தார்கள், அதுவும் தப்புதான். கோட்டோ விஷயம் இன்னும் மோசம், அவர் கையில் இருந்த பெல்ட். 2009-ல் பணயத்தில் இருந்தது வெல்டர்வெயிட் பெல்ட், அதன் எல்லை 147 என்று எழுதி வைத்திருக்கிறது. பெல்ட்டுக்கு மோதினால் அந்த எல்லையில் மோதணும். பெல்ட் இல்லை என்றால் இஷ்டப்பட்ட எடைக்குப் பேசிக்கொள்ளட்டும். இதுதான் என் கட்சி. நடைமுறையில் யார் பேரைச் சொன்னால் டிக்கெட் விற்குமோ அவர் சொல்கிற எண்தான் ஒப்பந்தத்தில் ஏறும்.

உங்க கூட்டாளி ஒரு செம்புத் தண்ணி என்றது கணக்குக்குச் சரி. எந்தச் செம்பு என்று பார்க்கணும். முதல் செம்பு வேர்வையாகப் போகும், உடம்பு கண்டுக்காது. கடைசிச் செம்புதான் ஆளை உருக்கும். நான் பார்த்திருக்கிறேன்: கையில் ஒரு காலி பாட்டில், அதில் துப்பிக்கொண்டே இருப்பான், கொஞ்ச நேரத்தில் துப்ப எச்சில் வராது. உதடு வெளுத்து ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்திருக்கும். புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே படியாது, அப்படியே நிற்கும். பேர் கேட்டால் ஒரு நொடி யோசித்துச் சொல்வான். அந்த ஆளைத்தான் தராசு “தகுதி” என்கிறது.

பெரிய அநியாயம் எடை பார்க்கிற நேரத்தில் இருக்கிறது. தொழில்முறைச் சண்டையில் முந்தின நாளே எடை முடிந்துவிடும். 2000-ல் நியூயார்க்கில் ஆர்ட்டுரோ கட்டி – ஜோயி கமாச் சண்டை, ஒப்பந்தம் 141 பவுண்டு. மறுநாள் தொலைக்காட்சிக்காரர்களின் தராசில் கட்டி 160, கமாச் 145. இரண்டாம் ரவுண்டில் கமாச் நாக் அவுட். மூளையில் அடி, அதோடு அவர் ரிங் வாழ்க்கை முடிந்தது. காகிதத்தில் அது சம எடைச் சண்டை.

இப்படி ஆவதைத் தடுக்கத்தான் மறுநாள் காலையில் இன்னொரு முறை எடை என்று ஓர் ஏற்பாடு வைத்தார்கள். உலகப் பட்டம் கொடுக்கிற அமைப்புகளில் ஒன்றான ஐ.பி.எஃப்., தன் பட்டச் சண்டைகளில் சண்டையன்று காலை எல்லைக்கு மேல் 10 பவுண்டு தாண்டக்கூடாது என்று விதி வைத்தது. நல்ல விதி, மோதுகிற ரெண்டு பேருக்கும் பொது. ஆனால் இதையும் பேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். 2023-ல் கெர்வொன்டா டேவிஸ் – ரையன் கார்சியா: முந்தின நாள் 136, காலையில் 146-க்கு மேல் போகக்கூடாது. பெரிய உடம்புக்காரர் கார்சியா, அதற்கு முன் 140 பக்கம் மோதிக்கொண்டிருந்தவர். ஏழாம் ரவுண்டில் விலாவில் ஒரே அடி, முட்டி போட்டவர் எழவில்லை. தண்ணீரை வற்றவும் வைத்து, திரும்பக் குடிக்கவும் விடாமல் இரண்டு பக்கமும் கட்டினால் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? வற்றிய உடம்பில் மூளைக்கு அடி தாங்கும் சக்தி குறையும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

அம்பை அக்கா:

அண்ணாச்சி, பெண்கள் பக்கம் வேறொரு கொடுமை உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகப் பெண்கள் குத்துச்சண்டை. மூன்றே பிரிவு: 51, 60, 75 கிலோ. மேரி கோம் உலகப் பட்டங்களை வாங்கியது 45, 46, 48 கிலோவில். அவர் 51-க்கு ஏறித்தான் வெண்கலம் வாங்கினார். அரையிறுதியில் நிகோலா ஆடம்ஸிடம் தோற்றார். அங்கே யாரும் பேரம் பேசவில்லை, ஆனாலும் சின்ன உடம்புக்காரிக்கு இடம் இல்லை. நானும் காலேஜில் ஆடினவள். எங்க பிரிவில் ஆள் சேரவில்லை என்று மேல் பிரிவில் நிறுத்தினார்கள். கை எட்டவே எட்டாது, அவள் அடி மட்டும் வந்து விழும்.

மேலப்பாளையத்தான்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி, அக்கா. தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். “அவங்களுக்கு ஒரு நாள் டைம் இருக்கு, திரும்பக் குடிச்சு ஏத்திக்கிறாங்க, நானும் ஏத்திக்குவேன்” என்கிறான்.

பாளை பழைய பாக்ஸர்:

அந்த ஒரு நாள் அவனுக்குக் கிடையாது, அதை முதலில் சொல்லுங்க. அமெச்சூர் போட்டியில் சண்டையன்று காலையில்தான் எடை, சில மணி நேரத்தில் ரிங். ஜெயித்துக்கொண்டே போனால் அடுத்த சண்டை நாளும் காலையில் மறுபடி தராசு. மல்யுத்தத்திலும் இதே கதைதான். 2024 பாரிஸில் வினேஷ் போகாட் முதல் நாள் 50 கிலோவுக்குள் நின்று இறுதிக்கு வந்தார், மறுநாள் காலை 100 கிராம் கூடுதல், வெளியே அனுப்பிவிட்டார்கள். விடிய விடிய வேர்வை வடித்தும் அந்த 100 கிராம் இறங்கவில்லை. கேட்ச்வெயிட் பேச்சுக்கே அங்கே இடம் இல்லை.

இன்னொன்று, பதினேழு வயசு வளருகிற வயசு. இப்போது மூன்று கிலோ கீழே போனால் அடுத்த வருஷம் ஐந்து கிலோ கீழே போகணும். இப்படிப் போன பையன்கள் மூன்றாம் ரவுண்டில் கையைத் தூக்க முடியாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். பதக்கம் மூன்றாம் ரவுண்டில்தான் இருக்கிறது.

மழைக்கோட்டை இன்றைக்கே வாங்கி வையுங்க. ராத்திரி அவன் சாப்பிடட்டும், எண்ணெய்ப் பலகாரம் மட்டும் வேண்டாம். ஒரு வாரம் தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுதச் சொல்லுங்க. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த உடம்பு எந்தப் பிரிவில் நிற்கிறதோ அதில் இறங்கட்டும். அந்தச் சீட்டை அவன் கோச்சிடம் நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்க. பையன் கையில் கொடுத்துவிடாதீங்க.