சூப்பர்சார்ஜருக்குத் தமிழ்: மீயூட்டியா, துருத்தியா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புடையீர், இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரின் ஒன்பதாம் வகையைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டியிருக்கிறது. 1941 செப்டம்பரில் ஜெர்மனியின் ஃபோக்க-வுல்ஃப் 190 போர்விமானம் களத்துக்கு வந்ததும், ஐந்தாம் வகை ஸ்பிட்ஃபயர், குறுகிய வட்டத்தில் திரும்புவது ஒன்றைத் தவிர ஏனைய பலவற்றிலும் பின்தங்கிப்போனது. 1942 ஜூலையில் படையில் சேர்ந்த ஒன்பதாம் வகைதான் அந்தக் குறையை ஈடுகட்டியது. எஞ்சின் அதே மெர்லின், கொள்ளளவும் அதே 27 லிட்டர். முக்கியமாக மாறியது சூப்பர்சார்ஜர். பக்கத்துக்குப் பக்கம் வரும் இச்சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது? 'மின்னேற்றி' என்று முடியும் எதையும் பரிந்துரைக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே மின்சாரத்துக்கு வேலையில்லை.

பொறியாளர் எழுதியது:

ஏறத்தாழ 6,700 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதில் பாதியாகிவிடுகிறது. எஞ்சினின் உருளை (சிலிண்டர்) ஒவ்வொரு முறையும் அதே கன அளவை உறிஞ்சினாலும், உள்ளே வரும் காற்றின் எடை பாதியாவதால், எரிக்கக்கூடிய பெட்ரோலும் அதனால் கிடைக்கும் திறனும் அதற்கேற்பக் குறைகின்றன. எஞ்சினின் சுழல்தண்டிலிருந்து பற்சக்கரங்கள் வழியாக விசையைப் பெற்று, காற்றை அழுத்தி உருளைக்குள் செலுத்துவதே இக்கருவியின் பணி. 'மிகையூட்டி' என்று சிலர் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. உயரத்தில் இது மிகையாக எதையும் தருவதில்லை, இழந்ததைத்தான் மீட்டுத் தருகிறது. மீயொலி, மீகடத்தி ஆகியவற்றின் வரிசையில் 'மீயூட்டி' என்பதை முன்மொழிகிறேன்.

புலவர் எழுதியது:

இருக்கின்ற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிதாகப் புனைய வேண்டும்? கொல்லன் உலைக்குக் காற்றூட்டும் துருத்தியைச் சங்கப் பாடல்களே அறியும். குருகு என்ற பெயரும் அதற்கு உண்டு. 'துருத்து' என்னும் வினையடியில் தள்ளுதல், உந்துதல் ஆகிய பொருள்கள் இயல்பாகவே அமைந்துள்ளன. ஆற்றினுள் துருத்திக்கொண்டு நிற்கும் மேட்டுக்கும் துருத்தி என்றே பெயர். திருப்பூந்துருத்தி என்ற ஊர்ப்பெயரை ஆராய்ந்தால் இவ்வேரின் ஆழம் விளங்கும். ஆங்கிலேயப் பொறியாளர்களும் இக்கருவியை 'ஊதுவது' என்ற பொருளில் 'புளோயர்' என்றே அழைத்தார்கள். ஆகவே 'வான்துருத்தி' என்பதே என் முடிபு.

பொறியாளர் எழுதியது:

ஐயா, திருப்பூந்துருத்தியை வேறொரு நாள் பார்ப்போம். துருத்தி மாறிமாறி உள்வாங்கியும் வெளிவிட்டும் இயங்குவது. மெர்லினில் இருப்பதோ நிற்காமல் சுழன்று, மைய விலக்கு விசையால் காற்றை விளிம்புக்கு வீசும் சக்கரம். மெர்லினைத் தயாரித்த ரோல்ஸ்-ராய்ஸில் 1938இல் சேர்ந்த கணித அறிஞர் ஸ்டான்லி ஹூக்கர் இக்கருவியின் காற்றோட்ட வழிகளைத் திருத்தியே எஞ்சினின் திறனைக் கூட்டினார். ஒன்பதாம் வகையில் பொருத்தப்பட்ட மெர்லின் 61இல் இத்தகைய இரண்டு சக்கரங்கள் ஒரே தண்டில் அடுத்தடுத்து அமைந்திருந்தன. உயரத்துக்கேற்ப மாற்றிக்கொள்ள இரண்டு வேகங்களும் இருந்தன. எஞ்சின் நீண்டதால் விமானத்தின் மூக்கும் நீண்டது. முன்பு மூன்றாக இருந்த உந்துவிசிறி இதழ்கள் நான்காயின.

அமெரிக்கத் தண்டர்போல்ட் போர்விமானத்தையும் எண்ணிப் பாருங்கள். அதில் எஞ்சினின் கழிவுப்புகையால் சுழலும் டர்போ அமைப்பு விமானிக்குப் பின்னால், உடற்பகுதியின் அடியில் இருந்ததால், நீண்ட குழாய்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. அதன் பருத்த உடலுக்கு இதுவும் ஒரு காரணம். 'ஊட்டி'யைப் பொதுச்சொல்லாகக் கொண்டால் இதைச் 'சுழலியூட்டி' என்று வேறுபடுத்தலாம். 'சுழலித்துருத்தி' என்று என்னால் எழுத முடியாது.

ஆசிரியர் எழுதியது:

என் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு 'ஊட்டி' என்றால் உதகமண்டலம்தான். பட்டறையில் 'டர்போ' என்று கேட்டுப் பழகியவர்களிடம் 'சுழலியூட்டி' என்றால் அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். காற்றழுத்தி என்ற சொல் கம்ப்ரஸருக்கு ஏற்கெனவே வழங்குகிறது. இதுவும் அடிப்படையில் ஒரு காற்றழுத்திதானே? அது ஏற்கப்படாவிட்டால் சூப்பர்சார்ஜர் என்றே எழுதிவிடலாம். தமிழ் அதனால் தேய்ந்துவிடாது.

புலவர் எழுதியது:

இப்படிச் சொல்லிச் சொல்லியே தேய்ந்தது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. காற்றழுத்தி பொருளளவில் சரியானதே. ஆனால் கட்டுரையில் சக்கர பிரேக்குகளுக்குக் காற்று தரும் அழுத்தியும் வருவதால் குழப்பம் நேரும். முதல் இடத்தில் சூப்பர்சார்ஜர் என்று எழுதி ஒரு வரியில் விளக்கிவிட்டு, அதன் பிறகு 'மீயூட்டி' என்றே கையாளப் போகிறேன். அது தரும் அழுத்தத்துக்கு 'ஊட்டழுத்தம்'. மடல் எழுதியவர்களில் இதை முழுமனத்துடன் ஏற்றவர் பொறியாளர் ஒருவரே என்பதை அறிவேன். அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்று-பெட்ரோல் கலவையைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு 'இடைக்குளிர்ப்பி' என எழுதிவிட்டேன். அதில் யாருக்கும் மறுப்பு இராது என நம்புகிறேன்.

பொறியாளர் எழுதியது:

மறுப்பு உண்டு. மெர்லின் 61இல் அந்தக் குளிர்விப்புப் பெட்டி இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் இல்லை. இரண்டாம் சக்கரத்தைத் தாண்டி, உருளைகளுக்குச் செல்லும் வழியில் இருக்கிறது. அதை 'இடை' என்று எப்படிச் சொல்வது?

புலவர் எழுதியது:

'கடைக்குளிர்ப்பி' என்று சொல்லலாம். ஆயினும், வான்துருத்தியை நான் இன்னும் கைவிடவில்லை.