லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்கும்போது பஸ் வருமான்னு பாக்க வேணாமா?

கோட்டை அகழி:
கலிபோர்னியாவுல 2008ல எஸ்பி 375னு ஒரு சட்டம். வீடு எங்க வரணும், பஸ், ரயில் எங்க ஓடணும்னு வட்டாரத்துக்கே சேர்த்துத் திட்டம் போட்டு, வண்டிப் புகையைக் குறைக்கணும். இலக்கு வைக்கிறது அந்த மாநிலக் காற்றுவள வாரியம். நம்ம வேலூர்ல மனைப்பிரிவுக்கு அனுமதி தர்ற ஆபீஸ் வேற, பஸ் விடுற ஆபீஸ் வேற. பெரிய லேஅவுட்னா பூங்காவுக்கு 10 சதவீதம் இடம் விடணும். பஸ்ஸைப் பத்தி ஒருத்தரும் கேக்கறதில்ல. 1, 2 நம்பர் பஸ் காட்பாடி – பாகாயம் ரோட்ல ஓடுது. மனை விக்கிறதோ ரோட்டை விட்டு எங்கியோ உள்ள.

சத்துவாச்சாரி தாத்தா:
தம்பி, அந்த ரோட்ல சென்ட் இன்னா வெலைன்னு கேட்டியா? என் மவன் ரெண்டு வருஷம் அலைஞ்சு, கடைசில உள்ளதான் வாங்கினான். நீ சொல்ற சட்டத்தையும் முழுசாப் படி. நகராட்சிங்க அந்தத் திட்டப்படிதான் நடக்கணும்னு கட்டாயமே இல்ல. தலைக்கு வண்டி ஓட்டுற தூரம் குறையல, ஏறுதுன்னு 2018ல அந்த வாரியமே அறிக்கை விட்டுச்சு.

ராத்திரி ஷிப்ட்:
2021லேர்ந்து சாதா டவுன் பஸ்ல லேடீஸுக்கு டிக்கெட் காசு கிடையாது. எனக்கு என்ன பிரயோஜனம்? எங்க நகருக்கு பஸ்ஸே இல்ல. சம்பளத்துல ஒரு பங்கு ஸ்கூட்டிக்கு பெட்ரோலாப் போவுது.

கோட்டை அகழி:
இதைத்தான் சொல்றேன். தாத்தா, வெலை விஷயம் நியாயம்தான். அதுக்குத்தான் பஸ் ரூட் ஓரமா ஹவுசிங் போர்டு கட்டணும். உங்க சத்துவாச்சாரியிலயே ஹவுசிங் போர்டு இருக்கே! அந்த 2018 அறிக்கையும் சட்டமே வேணாம்னு சொல்லல. ஊரைக் கட்டுற விதமே மாறணும்னுதான் சொல்லுது.

சத்துவாச்சாரி தாத்தா:
அனுமதி இல்லாத மனையையே, 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி பத்திரம் ஆயிருந்தா வரன்முறை பண்ணிக்கோன்னாங்க. நாளைக்கு பஸ் இல்லாத மனைக்கும் அதே கதைதான். 2019ல மாவட்டத்தையும் மூணாப் பிரிச்சாச்சு. காட்பாடி ஜங்ஷன் வேலூர்ல, வாலாஜா ரோடு ஸ்டேஷன் ராணிப்பேட்டைல. வட்டாரத் திட்டம்னா எந்த கலெக்டர் கையெழுத்து போடுவாரு?

ராத்திரி ஷிப்ட்:
யாரு போட்டா என்னங்க! ராத்திரி 9 மணிக்கு மேல ஒரே ஒரு பஸ் உள்ள வந்தாப் போதும். மெயின் ரோட்லேர்ந்து நாய்க்குப் பயந்து நடக்க முடியல.

கோட்டை அகழி:
எந்த நகர்னு தனியா அனுப்புங்க, மனு எழுதறேன்.

சத்துவாச்சாரி தாத்தா:
என் கையெழுத்தையும் சேத்துக்கோ. பஸ்ஸுக்கு மட்டும்தான், உன் கலிபோர்னியாவுக்கு இல்ல.