ஆதன் பேரும் அத்தை வீட்டுத் தூக்குவாளியும்

குழு: நம்ம வீடு

சித்தி: (14 படங்கள்)

சித்தி: காலாண்டு லீவுக்குப் பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் ரெண்டு பேரும் கீழடி போய்வந்தோம். பைக்கில்தான். ராமேஸ்வரம் ரோட்டில் சிலைமான் பக்கம், மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்.

அத்தை: தம்பியுமா? உடைந்த பானையைப் பார்க்கப் பெட்ரோல் போடமாட்டேன் என்றானே!

சித்தி: அவரைக் கிளப்புவதுதான் மதினி பெரிய பாடாகிவிட்டது. கூரை ஓட்டின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை.

சித்தப்பா: வீடு கட்டுகிறவனுக்குத்தான் அது புரியும். மழைத்தண்ணீர் வழிய ஓட்டில் விரலாலேயே வரி இழுத்திருக்கிறார்கள். கயிறு கட்டத் துளை வேறு. நான் போன மாதம் போட்ட ஷெட் ஒரு தூறலுக்கே ஒழுகுகிறது.

நான்: எவ்வளவு பழசு சித்தப்பா?

சித்தப்பா: அங்கே கிடைத்த கரித்துண்டுகளைச் சோதித்ததில் ஒன்று கி.மு. 580க்குப் போயிருக்கிறது. 2019இல் அறிக்கை வந்ததே, அதுதான்.

அம்மா: குழி பார்த்தீர்களா? நாங்கள் போனபோது மூடிவிட்டார்கள்.

சித்தி: 7ஆம் கட்ட அகழாய்வுக் குழிகளை மூடாமல் மேலே கூரை போட்டு வைத்திருக்கிறார்கள் அக்கா. 2023இல் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடு மாதிரி அழகுதான். ஆனாலும் தென்னந்தோப்புக்குள் அந்தக் குழி ஓரத்தில் நிற்பது வேறு. கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

சித்தப்பா: ஐந்து நிமிடம் 😄

சித்தி: 😡 எனக்குப் பிடித்தது பானை ஓட்டில் கீறியிருக்கும் பேர்கள்தான். தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் ஆதன், குவிரன் என்று.

நான்: நாம் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மாதிரியா?

சித்தி: அதேதான்! எந்த வீட்டுப் பானை என்று தெரிய வேண்டாமா? மதினி, கிடாவெட்டு அன்று குழம்பு கொடுத்துவிட்டேனே, அந்தத் தூக்குவாளி என்ன ஆச்சு?

அத்தை: எந்தத் தூக்குவாளி?

சித்தி: அடியில் என் பேரும் 2009 என்றும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும்.

அத்தை: அப்படி எதுவும் இங்கே இல்லையே.

சித்தப்பா: அக்கா, நன்றாகத் தோண்டிப் பார்.

அத்தை: (படம்)

அத்தை: பரண் மேல் ஒன்று கிடந்தது. பேர் பாதி தேய்ந்துபோச்சு. 1998 என்று போட்டிருக்கிறது. இதுவா?

சித்தி: இது என்னுடையது இல்லையே.

அம்மா: அது என்னுடையது.