கஜன்ர 16 இஞ்சி வீலும் ஸ்பீட் மீற்றரும்

ஞாயிறு, இரவு 8:12

கஜன்: முறிகண்டி தாண்டி வரேக்க பொலிஸ் மறிச்சு தண்டம் எழுதிப்போட்டினம். வேகம் அளக்கிற ஸ்பீட் கன் மெசினில 75 எண்டு காட்டினவை. நான் மீற்றரில 74க்கு மேல போகவே இல்லை, பக்கத்தில அம்மா இருந்தவ கேட்டுப் பாருங்கோ

அம்மா: ஓம் பிள்ளை மெல்லமாத்தான் ஓடினவன்

வதனி அக்கா: 70 தானேடா சட்டம். 74ல ஏன் ஓடினனீ

கஜன்: அக்கா இந்தக் கார் வாங்கின நாளில இருந்து மீற்றர் கூடத்தான் காட்டுறது. போனில ஜிபிஎஸ் வச்சுப் பாத்தனான், மீற்றரில 70 எண்டால் உண்மையில 67, 68 தான். அப்ப 74ல ஓடினால் 71 வரும், அதுக்கு ஒருத்தரும் மறிக்கிறேல்லை. ரெண்டு வருசமா இப்பிடித்தான் கொழும்புக்குப் போய்வாறன் ஒரு நாளும் பிடிபடேல்லை

லண்டன் சுதன்: அந்த மெசின் பிழையா இருக்கும் மச்சான்

கஜன்: அதைத்தான் நானும் சொன்னனான். அவை கேக்கேல்லை

சின்ன மாமா: தம்பி போன மாசம் சில்லு மாத்தினனீ எல்லோ. ரயரின்ர பக்கத்தில எழுதியிருக்கிற நம்பரை ஒருக்காச் சொல்லு

கஜன்: 195/60 ஆர்16 மாமா

சின்ன மாமா: இப்ப டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பார், தூணில ஒரு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும். அதில என்ன நம்பர்

கஜன்: பொறுங்கோ

கஜன்: 175/65 ஆர்15

சின்ன மாமா: பொலிஸின்ர மெசின் சரி. பிழைச்சது உன்ர பழைய கணக்கு. சாப்பிட்டிட்டு வந்து எழுதுறன்

இரவு 9:05

சின்ன மாமா: வடிவா வாசி. மீற்றருக்கு றோட்டுத் தெரியாது. சில்லு எத்தினை தரம் சுத்துது எண்டு மட்டும்தான் அதுக்குத் தெரியும். கியர் பொக்ஸிலயோ சில்லடியிலயோ இருக்கிற சென்சர் சுத்தை எண்ணி அனுப்பும், ஒரு சுத்துக்கு இவ்வளவு தூரம் எண்டு கொம்பனிக்காரன் முதலே ஒரு கணக்கு எழுதி வச்சிருப்பான், அதால பெருக்கித்தான் முள்ளு ஏறுறது. நீ பெரிய சில்லைப் போட்டால் ஒரு சுத்துக்குக் கூடத் தூரம் போவாய், மீற்றர் பழைய தூரத்தையே நினைச்சுக்கொண்டு இருக்கும்

சின்ன மாமா: உன்ர பழைய ரயர் 175/65. 175 எண்டது அகலம் மில்லிமீற்றரில. 65 எண்டது பக்கச் சுவரின்ர உயரம், ஆனால் மில்லிமீற்றர் இல்லை, அகலத்தில 65 வீதம். அப்ப சுவர் 113.75. மேல ஒண்டு கீழ ஒண்டு 227.5. ரிம் 15 இஞ்சி எண்டால் 381. கூட்டினால் 608.5 மி.மீ. குறுக்களவு

சின்ன மாமா: புதுசு 195ல 60 வீதம் 117, ரெண்டு தரம் 234, 16 இஞ்சி ரிம் 406.4, மொத்தம் 640.4. 32 மி.மீ. கூட. சுத்தளவு எடுத்தால் பழசு 1 மீற்றர் 91 சதமமீற்றர், புதுசு 2 மீற்றர் 1. ஒவ்வொரு சுத்துக்கும் 10 சதமமீற்றர் மீற்றருக்குத் தெரியாமல் ஓடுறாய். 5.2 வீதம் வருது

சின்ன மாமா: இப்ப உன்ர 74ஐ எடு. பழைய சில்லில அது உண்மையில 71.4. அதை 5.2 வீதத்தால கூட்டிப் பார்

கஜன்: 75.1

கஜன்: மாமா அப்பிடியே வருது

வதனி அக்கா: ஐயோ அப்ப பொலிஸ் சொன்னது சரி

லண்டன் சுதன்: ரிம் தானே ஒரு இஞ்சி கூட்டினவன், சுவரைக் குறைச்சால் சமன் வரும் எல்லோ மாமா

சின்ன மாமா: அதைத்தான் செய்திருக்கோணும் சுதன். ரிம்மைக் கூட்டினால் சுவரைக் குறைக்கோணும். இவனுக்கு அகலத்தையும் கூட்டி 60 சுவரும் போட்டு விட்டிருக்கினம், 60 எண்டு பாக்க 65ஐ விடக் குறைவாத் தெரியும், ஆனால் 195ல 60 எண்டது 175ல 65ஐ விட உயரம். உது செரீனா வானுக்கு வாற சைஸ்

கஜன்: கடைக்காரர் ஒரு பிரச்சினையும் இல்லை தம்பி இறுக்கமா வடிவா நிக்கும் எண்டவர். வடிவா நிக்குது தான். ஆனால் ஸ்ரியறிங்கை முழுக்க வெட்டினால் முன்னால ஏதோ உரசுற சத்தம் கேக்குது

சின்ன மாமா: உரசும். கார் 16 மி.மீ. உயர்ந்திருக்கு, மக்காட்டுக்கும் சில்லுக்கும் இடையில அவ்வளவு இடம் குறைஞ்சும் போச்சு. ஆக்கள் ஏறி பள்ளத்தில விழுந்தால் கூட உரசும். அதை இப்பவே பாக்கோணும், ரயரின்ர தோளை வெட்டிப்போடும்

கஜன்: மாமா ஒண்டு கேக்கிறன். முந்தி மீற்றர் 70 காட்ட உண்மை 67.5. இப்ப 70 காட்ட உண்மை 71. அப்ப பெரிய சில்லால மீற்றர் உண்மைக்குக் கிட்ட எல்லோ வந்திருக்கு? நல்லது தானே

சின்ன மாமா: நல்ல கேள்வி தம்பி, கனபேர் இதிலதான் ஏமாறுறது. நாளைக்கு எழுதுறன், கண் தெரியேல்லை

திங்கள், காலை 6:40

லண்டன் சுதன்: நான் இதைத் தேடிப் பாத்தனான். ஐநாவின்ர வாகன ஒழுங்குவிதி 39 எண்டு ஒண்டு இருக்கு, அதில மீற்றர் ஒரு நாளும் உண்மையான வேகத்தை விடக் குறைச்சுக் காட்டக்கூடாது எண்டு இருக்கு. கூடக் காட்டலாம், உண்மையான வேகத்தில 10 வீதமும் அதுக்கு மேல 4 கி.மீ.யும் வரைக்கும். 70ல ஓடினால் 81 வரைக்கும் காட்டலாம்

சின்ன மாமா: அதுதான் விசயம். குறைச்சுக் காட்டினால் குற்றம், கூடக் காட்டினால் பிழையில்லை, அப்ப கொம்பனிக்காரன் என்ன செய்வான், கொஞ்சம் கூட்டியே வைப்பான். ரயர் புதுசோ தேஞ்சதோ காத்துக் கூடவோ குறையவோ எப்பிடி இருந்தாலும் மீற்றர் கீழ இறங்கக்கூடாது எண்டுதான் அந்த 2, 3 கி.மீ.யை விட்டு வைக்கிறது. கஜன் அந்த இடைவெளியை முதல் "74ல ஓடலாம்" எண்டு தன்ர கணக்கில எடுத்தவன், பிறகு சில்லை மாத்தி அதையே இன்னொருக்கா எடுத்திட்டான். ஒரு காசை ரெண்டு தரம் செலவழிச்ச மாதிரி

சின்ன மாமா: யப்பானில காரைச் சோதனைக்குக் கொண்டு போனால் மீற்றர் 40 காட்டேக்க உண்மையான வேகம் 30.9க்கும் 42.55க்கும் இடையில இருக்கோணும், 2007ல இருந்து செய்த காருகளுக்கு அந்த அளவு. பாருங்கோ, கீழ் பக்கம் 9 கி.மீ. விட்டிருக்கினம், மேல் பக்கம் ரெண்டரை தான். எந்தப் பக்கம் பிழைச்சால் ஆள் சாகும் எண்டு அவைக்குத் தெரியும்

சின்ன மாமா: உண்மைக்குக் கிட்ட வந்திட்டுது எண்டு சொன்னாய். 70ல கிட்ட எண்டு ஒத்துக்கொள்ளுறன். ஆனால் அது கிட்ட இல்லை தம்பி, கடந்து மற்றப் பக்கம் போட்டுது. இப்ப மீற்றர் குறைச்சுக் காட்டுது. உன்ரது ஒரு கி.மீ. தான், ஆனால் முதலே ஒண்டு ரெண்டு மட்டும் கூடக் காட்டின வேற கார் எண்டால் 70க்கு 72, 73 ஓடும், ஓடுற ஆளுக்குத் தெரியாது. பழக்கம் இன்னும் பொல்லாதது. பள்ளிக்கூடத்தடியில 50 எண்டு நினைச்சு வாறாய், கால் பழகினது பழைய 50க்கு. வேகம் 5 வீதம் கூடினால் பிறேக் பிடிச்சு நிப்பாட்ட வேண்டிய சக்தி 10 வீதத்துக்கு மேல கூடும், ஏனெண்டால் அது வேகத்தின்ர வர்க்கத்தில ஏறுறது. அதோட சில்லும் பாரம். உன்ர காரில வதனியின்ர பிள்ளையளும் ஏறுறதுகள், அதால தான் இவ்வளவு நீளத்துக்கு எழுதுறன்

வதனி அக்கா: நன்றி மாமா. கஜன் வாசிச்சனியோ

கஜன்: வாசிச்சனான் அக்கா. விளங்குது

பெரியப்பா: எல்லாருக்கும் காலை வணக்கம். என்னுடைய பழைய மொறிஸ் மைனர் காருக்கும் இந்தக் கணக்கு வருமோ? அதில சென்சரும் இல்லை ஒண்டும் இல்லை.

சின்ன மாமா: வரும் அத்தான். உங்கட காரில கியர் பொக்ஸில இருந்து ஒரு கேபிள் மீற்றருக்கு வருது, அது சுத்த உள்ளுக்க ஒரு காந்தம் சுத்தும், காந்தத்துக்கு மேல மூடி மாதிரி ஒரு அலுமினியக் கிண்ணம், காந்தம் அதைத் தொடாமலே இழுக்கும், மயிர் மாதிரி ஒரு சுருள் வில்லு மற்றப் பக்கம் இழுக்கும். ரெண்டும் சமப்படுற இடத்தில முள்ளு நிக்கும். டயலில கீழ சின்னனா ஒரு நாலு இலக்கம் அடிச்சிருக்கும் பாருங்கோ, ஒரு மைலுக்கு கேபிள் எத்தினை சுத்து எண்ட கணக்கு அது

பெரியப்பா: கண்ணாடி போட்டுப் பாத்தன். இருக்கு. இத்தனை வருசமா அதை ஏதோ சாமான் நம்பர் எண்டு நினைச்சிருந்தன்.

பெரியப்பா: 90களில பொருளாதாரத் தடை நேரம் ரயர் எடுக்க வழி இல்லை. மண்ணெண்ணெயில ஓடின காருக்குக் கிடைச்ச ரயரைப் பூட்டி ஓடினனாங்கள், முன்னுக்கு ஒண்டு பின்னுக்கு ஒண்டு. மீற்றரை அப்ப ஆர் பாத்தது.

சின்ன மாமா: அந்த நேரம் றோட்டும் 20 மைலுக்கு மேல ஓட விடேல்லை அத்தான். இப்ப ஏ9 கண்டி றோட்டு அப்பிடியே?

கஜன்: மாமா இன்னொண்டு. சில்லு மாத்தின பிறகு பெற்றோலும் கூடக் குடிக்குது. முந்தி லீற்றருக்கு 18 கி.மீ., இப்ப 16

சின்ன மாமா: அதில ஒரு பங்கு கணக்குப் பிழை. ஓடின தூரத்தையும் அதே சுத்தை வச்சுத்தான் எண்ணுறது. மாத்தின பிறகு எவ்வளவு ஓடியிருக்கு

கஜன்: 2,000 சொச்சம்

சின்ன மாமா: அப்ப உண்மையில 2,105 ஓடியிருக்கிறாய். 16ஐயும் அப்பிடிக் கூட்டினால் 16.8. மிச்சம் ஒண்டேகால் கி.மீ. உண்மையாவே குறைஞ்சது தான், அகல ரயர், பாரமான சில்லு, இழுக்கிறதுக்கு எஞ்சினுக்குக் கஸ்ரம். ஒயில் மாத்துறதையும் யோசி, 5,000 எண்டு மீற்றர் காட்டேக்க 5,260 ஓடி முடிஞ்சிருக்கும்

வதனி அக்கா: எனக்கு ஒரு சந்தேகம் மாமா, ரயர் நாளாக நாளாகத் தேயிறது தானே. அதுக்கும் மீற்றர் மாறுமோ

சின்ன மாமா: மாறும் பிள்ளை, ஆனால் பயமில்லாத பக்கம். புது ரயரில தவாளிப்பு 8 மி.மீ. அளவில இருக்கும், தேஞ்சு 2க்கு வந்தால் குறுக்களவில 12 மி.மீ. போட்டுது, 2 வீதம். சில்லு சின்னனாகும், மீற்றர் கூடக் காட்டும். ஆனால் 2க்கு வந்த ரயரோட மழைக்க ஓடாதை, மாரிக்கு முதல் மாத்து

சின்ன மாமா: சனிக்கிழமை ரெண்டு பேரும் காரைக் கொண்டு வாங்கோ. ரெண்டும் டொயோட்டா ஆக்சியோ கார், ஒண்டில பழைய சில்லு ஒண்டில புது சில்லு, இதை விட நல்ல சோதனை கிடையாது

சனி, மாலை 5:50

வதனி அக்கா: வராத ஆக்களுக்கு எழுதுறன். மாமா வீட்டுச் சீமெந்து முற்றத்தில ரயரில சோக்கால ஒரு கோடு, நிலத்தில ஒரு கோடு, ஆள் ஏறி இருக்க மெல்லத் தள்ளி 5 சுத்து. என்ர கார் 927 சதமமீற்றர், கஜன்ர 976. பிரிச்சுப் பாத்தால் 5.3 வீதம்

லண்டன் சுதன்: 927ஐ 5ஆல பிரிச்சால் 185 தானே வருது. மாமா 191 எண்டவர்

சின்ன மாமா: நல்லாப் பாத்திருக்கிறாய். 191 எண்டது கடதாசிக் கணக்கு, ரயர் சும்மா நிக்கேக்க. காரின்ர பாரத்துக்கு அடி நசியும், அப்ப ஒரு சுத்தில போற தூரம் கொஞ்சம் குறையும். ரெண்டு காரிலயும் ஒரே மாதிரிக் குறையிறதால வித்தியாசம் மாறாது

கஜன்: பிறகு ஆனையிறவு நேர் றோட்டில கிலோமீற்றர் கல்லு 10 எண்ணினனாங்கள். அக்கான்ர கார் 10.0, என்ர 9.5. வேகத்தையும் பாத்தனாங்கள், ஒரே வேகத்தில கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சு, பக்கத்தில இருந்த ஆள் தான் போன் பாத்தது. மீற்றர் 60ல ஜிபிஎஸ் 61, 70ல 71

சின்ன மாமா: வேகம் கூட்டேக்க குறைக்கேக்க ஜிபிஎஸ்ஸை நம்பாதையுங்கோ, அது கொஞ்சம் பிந்தித்தான் சொல்லும். வதனியின்ர கார் காட்டினதைக் கவனிச்சியளோ, தூரம் சரியாக் காட்டுது வேகம் மட்டும் கூட. ஏனெண்டால் தூரத்தை கூட்டி வைக்க ஒருத்தனுக்கும் தேவை இல்லை

கஜன்: இப்ப என்ன செய்யிறது மாமா. ரிம் எனக்கு நல்ல விருப்பம், வித்தாலும் அரைக்காசு தான் தருவினம்

சின்ன மாமா: ரிம்மை வச்சிருக்கலாம். அதே ரிம்முக்கு 195/50 ஆர்16 போட்டால் 601 மி.மீ., பழசை விட 7 மி.மீ. குறைவு, 1.2 வீதம், மீற்றர் கூடக் காட்டுற பக்கம். பாரத்துக்கு 84 எண்டு அடிச்சிருக்கோணும், ஒரு ரயருக்கு 500 கிலோ, பழைய ரயரில இருந்ததும் 84 தான். ஆனால் என்னட்டக் கேட்டால் சுவர் 97 மி.மீ. தான் வரும் எண்டதை யோசிக்கச் சொல்லுவன், எங்கட ஒழுங்கையள் மாரிக்குப் பள்ளமாகேக்க ரிம் நெளியிறது அந்தச் சைஸில தான்

அம்மா: ரயில் கடவையிலயும் கவனம் எண்டு சொல்லு தம்பி

கஜன்: பழைய 15 சில்லு நாலும் வீட்டில கிடக்கு. மாரி முடியிற வரைக்கும் அதையே பூட்டுறன். ரயரைச் செரீனா வச்சிருக்கிற ஒராள் கேட்டவர், குடுக்கப் போறன்

சின்ன மாமா: நல்லது. பின்னால பெட்டிக்க இருக்கிற ஸ்பெயார் 15 எண்டதையும் மறந்து போனனீ எல்லோ. முன்னுக்கு ஒரு பக்கம் 16ம் மற்றப் பக்கம் 15ம் பூட்டி ஓடினால் ரெண்டு பக்கச் சில்லையும் வேற வேற வேகத்தில சுத்த விடுற டிபரென்சல் நேர் றோட்டிலயும் வளைவில போற மாதிரி வேலை செய்துகொண்டே இருக்கும், பிறேக் பிடிக்கேக்க சில்லு இறுகாமல் பாக்கிற ஏபிஎஸ்ஸும் குழம்பும்

கஜன்: அதை நான் யோசிக்கவே இல்லை மாமா

செவ்வாய், மாலை 6:15

கஜன்: பூட்டியாச்சு. மீற்றர் 70, ஜிபிஎஸ் 67. வெட்டேக்க சத்தமும் இல்லை

சின்ன மாமா: காத்து ஸ்ரிக்கரில இருக்கிற அளவுக்கு அடிச்சனியோ

கஜன்: ஓம் மாமா, நாலுக்கும். ஸ்பெயாருக்கும்

பெரியப்பா: அளவு நாடாவை வீட்டுக்குக் கொண்டு போகாதை தம்பி, மாமாவிட்டக் குடுத்திட்டுப் போ. நாளைக்கு மைனரைக் கொண்டு வாறன்.

சின்ன மாமா: 5 மணிக்கு வாங்கோ அத்தான், சீமெந்து சூடு இறங்கியிருக்கும்